இரண்டு சி, இரண்டு எம்: மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதி எப்படி?

ஆங்கிலம் நன்றாக எழுதுகிறவர்கள்கூட 'அக்காமடேஷன்' என்று வந்தால் ஒரு எம்மை விழுங்கிவிடுகிறார்கள். போனில் இருக்கும் பிழைதிருத்தி சத்தமில்லாமல் சரிசெய்துவிடும், ஏன் என்று மட்டும் சொல்லாது, அதனால் பேனா பிடித்து எழுதும்போது மறுபடியும் அதே சந்தேகம். இதற்கு எனக்குப் பிடித்தது மெரியம்-வெப்ஸ்டரின் இணைய அகராதி. இலவசம், கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம்.

பொருளைப் பார்த்ததும் வெளியே வந்துவிடாதீர்கள், கீழே போனால் சொல் பிறந்த கதை இருக்கிறது, சமாச்சாரமே அங்கேதான். லத்தீனில் 'ஆட்' என்ற முன்னொட்டு 'கொமொடாரே' என்ற வினையோடு சேர்ந்த சொல் இது. சி-க்கு முன்னால் நின்றதால் 'ஆட்'டின் டி-யும் சி ஆகிவிட்டது, அதனால்தான் இரண்டு சி (அக்யூஸ், அக்செப்ட் எல்லாம் இதே கதைதான்). எம் விஷயமும் அப்படித்தான்: கொமொடாரேவுக்குள் இருக்கும் 'கொம்', 'மோடஸ்' இரண்டும் ஆளுக்கொரு எம் கொண்டுவந்திருக்கின்றன. கம்மாடிட்டியும் இதே வேர்தான், அதைச் சரியாக எழுதத் தெரிந்தவருக்கு இதுவும் வந்துவிடும். எம்முக்கு அப்புறம் வருவது ஓ-தான், ஏ இல்லை. அதற்கும் காரணம் அந்த மோடஸ்தான்.

பொருள் என்றால் தங்க இடம் கொடுப்பது மட்டும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஒருவருடைய தேவைக்கேற்ப ஏற்பாட்டை மாற்றிக்கொடுப்பது, அனுசரித்துப் போவது, ஓர் அரங்கில் இத்தனை பேருக்கு இடமிருக்கிறது என்பது, எல்லாமே இந்தச் சொல்தான். இன்னொன்று கண் மருத்துவத்தில்: கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கொஞ்சம் தடித்துக்கொள்கிறதே, அதற்கும் அக்காமடேஷன் என்றுதான் பெயர். 40 வயதை ஒட்டி நமக்கு வெள்ளெழுத்து வருவது அந்தத் திறன் குறைவதால்தான்.

சரி, குறை? முதலில் இது அமெரிக்க அகராதி. தங்குமிடம் என்ற பொருளில் அங்கே கடைசியில் எஸ் போட்டுப் பன்மையாக எழுதுவது வழக்கம், பிரிட்டிஷ் வழக்கில் பொதுவாக எஸ் கிடையாது, ஆகவே பிரிட்டிஷ் முறையில் எழுதுகிறவர்கள் கேம்பிரிட்ஜ் அகராதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. உச்சரிப்புக்குச் சர்வதேச ஒலிக்குறிகள் இல்லாமல் தங்களுக்கென்று ஒரு குறிமுறை வைத்திருக்கிறார்கள், பழகாதவர்களுக்குத் தலை சுற்றும், பேசாமல் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டிக் காதால் கேட்டுக்கொள்ளலாம். விளம்பரங்களும் உண்டு, இலவசம் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.