ஈஸ்ட் கோஸ்ட், செந்தோசா, லாசரஸ், சாங்கி: என் ஓட்டு சாங்கிக்குத்தான்

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் எந்தக் கடற்கரைக்குக் கூட்டிப்போவது என்ற கேள்வி சிங்கப்பூரில் நம் வீடுகளில் அடிக்கடி எழும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சென்னை மெரினாவில் வந்து மோதும் அலையை நினைத்துக்கொண்டு இங்கே எந்தக் கரைக்கும் போகாதீர்கள். ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியா, நடுவில் குறுகலான நீரிணை. பெருங்கடல் அலை நம்மிடம் வந்து சேர்வதற்குள் அடங்கிவிடுகிறது. அதனால் மணல், தண்ணீர், நிழல், சாப்பாடு, போய்வரும் சிரமம், அப்புறம் கடல் உள்வாங்கும்போது கண்ணுக்கு என்ன தெரிகிறது, இவற்றை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா முழுவதும் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். 1960களில் அந்த வேலை தொடங்குவதற்கு முன் காத்தோங் வீடுகளுக்குப் பின்னாலேயே கடல் இருந்தது. இன்று ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்துக்கு சைக்கிள் பாதை, பார்பிக்யூ அடுப்பு, அனுமதி வாங்கிக் கூடாரம் போட இடம், லகூன் உணவங்காடியில் புகை பறக்கும் சத்தே என்று எல்லாமே இருக்கின்றன. 2024 ஜூனில் மரின் பரேட் எம்ஆர்டி ரயில் நிலையம் திறந்த பிறகு கார் இல்லாதவர்களுக்கும் சுலபம். இருபது முப்பது பேர் கூடும் பிறந்தநாள் என்றால் இதை விட்டால் வேறு இடம் கிடையாது. ஆனால் கடலுக்காகப் போகிறவர்களுக்கு இங்கே கிடைப்பது குறைவு. பல இடங்களில் மணல் ஒடுங்கியிருக்கும், தண்ணீர் கலங்கல், எதிரே வரிசையாகக் கப்பல்கள். கடல்மட்ட உயர்விலிருந்து காக்க இந்தக் கரைக்கு எதிரே சுமார் 800 ஹெக்டேரில் ‘லாங் ஐலண்ட்’ என்ற நிலப்பரப்பை உருவாக்கும் திட்டத்தை 2023இல் அறிவித்தார்கள். அது வந்தால் இடையில் உள்ள கடல் நீர்த்தேக்கமாகிவிடும். தேவையான திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் ஈஸ்ட் கோஸ்ட்டில் நின்று கடலைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு மனசு கனக்கத்தான் செய்யும்.

செந்தோசாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிலோசோ, பலாவான், தஞ்சோங் மூன்றிலும் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மணல். முன்னால் சின்னச் சின்னத் திட்டுகள் தடுப்பதால் தண்ணீர் குளம் போல அமைதியாக இருக்கும், சிறு பிள்ளைகளை இறக்கிவிட பலாவான் நல்ல இடம். விவோசிட்டி கடைத்தொகுதியிலிருந்து நடந்தே போய்விடலாம். புகைப்படத்துக்கும் இதுதான் முதலிடம். அவ்வளவுதான்.

லாசரஸ் கதை வேறு. இந்த நான்கில் மணலும் தண்ணீரின் நிறமும் மிக அழகாக இருப்பது அங்கேதான், பிறை போல வளைந்த கரை. மரினா சவுத் பியரில் படகு ஏறி, செயின்ட் ஜான்ஸ் தீவில் இறங்கினால் இணைப்புப் பாதையில் நடந்தே லாசரஸுக்குப் போய்விடலாம். சாப்பாடு, தண்ணீர், தொப்பி எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ள அப்பா அம்மாவோடு போவதற்கு ஏற்ற இடமல்ல. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் ஒரு தூர்வாரும் கப்பல் எரிபொருள் கப்பல்மீது மோதி, சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்ததே, அப்போது செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட் கரைகளோடு இந்தத் தீவும் பாதிக்கப்பட்டது. கறுத்துப்போன மணலைப் படத்தில் பார்த்தபோது வயிறு எரிந்தது.

இனி சாங்கி. கரை சுமார் 3.3 கிலோமீட்டர்தான். செந்தோசாவின் பளபளப்பு இல்லை, தண்ணீர் தெளிவாகவும் இருக்காது. ஆனால் நல்ல பெரிய மரங்களின் நிழல் உண்டு, எதிரே புலாவ் உபின் தீவு தெரியும், காற்று தெற்கிலிருந்து வீசும் நாட்களில் தரையிறங்கும் விமானங்கள் தலைக்கு மேலேயே தாழப் பறக்கும். இவை எல்லாவற்றையும்விட, கடல் உள்வாங்கும் நேரம் இருக்கிறதே, அதற்காகவே போகலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நம் கடலில் நீர்மட்டம் 3 மீட்டர் வரைகூட ஏறி இறங்கும். வீட்டில் தொங்கும் தமிழ் நாள்காட்டியிலேயே நாளைப் பார்த்துக்கொண்டு, மணிக்கணக்கை மட்டும் இணையத்தில் சரிபார்த்தால் போதும். தண்ணீர் விலகிய மணலில் குந்தி உட்கார்ந்து கொஞ்சம் அசையாமல் பாருங்கள். பட்டாணியைவிடச் சின்ன உருண்டைகள் ஒரு துளையைச் சுற்றிக் கதிர்கதிராகப் பரவியிருக்கும். விரல்நகம் அளவு நண்டு வெளியே வந்து மணலை வாயில் அள்ளும், அதில் ஒட்டியிருக்கும் உணவை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை உருட்டித் தள்ளும். நம் நிழல் பட்டால் சட்டென்று உள்ளே ஓடிவிடும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் கடற்புல், கடல் வெள்ளரி, அதிர்ஷ்டம் இருந்தால் கடல் நட்சத்திரம். பிள்ளைகள் வாளியோடு வந்தால் எதையும் எடுக்க விடாதீர்கள், பார்த்தால் போதும், அவற்றுக்கு வீடு அதுதான்.

இந்தக் கரையில் 1942 பிப்ரவரி 20 அன்று ஜப்பானியப் படை 66 சீன ஆண்களைச் சுட்டுக் கொன்றது. நினைவுப் பலகை இருக்கிறது, பெரிய பிள்ளைகளை அதன் முன் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்.

போவதும் சுலபம்தான். டானா மேரா எம்ஆர்டியில் இறங்கி 2ஆம் எண் பேருந்து, கடைசி நிறுத்தம் சாங்கி வில்லேஜ். உணவங்காடியில் நாசி லெமாக் வரிசை எப்போதும் நீளம். அதே சாலையில் ஸ்ரீ ராமர் கோயில், அம்மாவுக்கும் திருப்தி. நேரம் மிச்சமிருந்தால் படகுத்துறைக்கு நடந்து போய் உபின் படகைப் பிடியுங்கள், 12 பேர் சேர்ந்ததும் கிளம்பிவிடும். கடல் உள்வாங்கும் நாளில் உபின் தீவில் உள்ள செக் ஜாவா என்ற கரைப்பகுதி சாங்கியையே மிஞ்சிவிடும். 2001இல் அதைத் தூர்க்க இருந்து, கடைசி நேரத்தில் தள்ளிவைத்தார்கள். ஆனால் அங்கே போவதென்றால் முழுநாளும் ஒதுக்க வேண்டும், ஒரு மாலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது என்றால் சாங்கியே போதும்.