ஈழப் போர் திரையில்: யாருடைய முகம், யாருடைய பேச்சு?

ஈழப் போரை வைத்து ஒரு படமோ தொடரோ வருகிறது என்றால், கதை என்ன என்று கேட்பதற்கு முன்பே நம் ஆட்கள் கேட்பது, யார் நடிக்கிறார்கள் என்றுதான். அந்த மண்ணில் பிறந்தவரா, சென்னைக்காரரா, மும்பையிலிருந்து இறக்குமதியா? நியாயமான கேள்வி. தன் வீட்டுச் சாவை இன்னொருவர் நடித்துக் காட்டும்போது கூர்ந்து பார்க்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் நடிகரின் பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் பாதி இடங்களில் சறுக்கும்.

ஏன் சறுக்கும் என்று பார்க்க ஆறு படைப்புகளை எடுத்துக்கொள்கிறேன். மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002), அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’ (2012), ஷூஜித் சர்க்காரின் ‘மெட்ராஸ் கஃபே’ (2013), ஜாக் ஓதியாரின் ‘தீபன்’ (2015), தீபா மேத்தாவின் ‘ஃபன்னி பாய்’ (2020), ராஜ் - டிகே இரட்டையரின் ‘தி ஃபேமிலி மேன்’ இரண்டாவது சீசன் (2021). இயக்கியவர்களில் ஒருவர்கூட ஈழத்தமிழர் இல்லை. தமிழர் என்று பார்த்தாலே மணிரத்னம் ஒருவர்தான். அதனால் நடிகர்கள் மேல் விழும் சுமை இன்னும் கூடுகிறது.

முதலில் பேச்சு. யாழ்ப்பாணத் தமிழ் என்றதும் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ‘ஓம்’, ‘கதைக்கிறது’, ‘வாறன்’, ‘போறன்’ எல்லாம் ஞாபகம் வரும். வசனத்தில் இவற்றை அங்கங்கே தூவிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் சினிமாவில் நிறையப் பேர். காது பிடிபடுவது வேறு இடத்தில். காற்று, நேற்று என்பதையெல்லாம் நாம் பேச்சில் காத்து, நேத்து என்று ஆக்கிவிட்டோம். யாழ்ப்பாணத்தில் அந்த இரட்டை றகரம் பேச்சிலும் தனி ஒலியாகவே நிற்கிறது. வாக்கியம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பதும் வேறு. இதில் மட்டக்களப்புக்காரர் பேச்சு தனி, மலையகத்தவர் பேச்சு தனி, கொழும்பில் ஆங்கிலத்தோடு வளர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பேச்சு தனி. ‘இலங்கைத் தமிழ்’ என்று ஒரே ஒரு சரக்கு எந்தக் கடையிலும் கிடையாது.

இந்தப் பேச்சைத் தமிழ்நாட்டில் பெரிய அளவில் பிரபலமாக்கியது ஒரு நகைச்சுவைப் படம் என்பது நம் துரதிர்ஷ்டம். 2000-இல் வந்த ‘தெனாலி’யில் கமல் ஹாசனுக்கு உச்சரிப்பில் உதவியவர் இலங்கை வானொலியின் பி. எச். அப்துல் ஹமீத். உழைப்பு தெரியும், குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கப்புறம் பல வருடங்களுக்கு யாராவது யாழ்ப்பாணத் தமிழில் வாய் திறந்தாலே இங்கே தியேட்டரில் சிரிப்பு வந்தது. போர்ப் படம் எடுப்பவர்களுக்கு இது கூடுதல் தலைவலி.

சரி, நேருக்கு நேர் வைக்கவேண்டிய இரண்டு, ‘தீபன்’, ‘ஃபேமிலி மேன்’. இரண்டிலும் மையத்தில் ஒரு முன்னாள் போராளி. இரண்டையும் எடுத்தவர்கள் வெளியாட்கள்.

தீபனாக வருபவர் அந்தோணிதாசன் யேசுதாசன், அதாவது எழுத்தாளர் ஷோபாசக்தி. அல்லைப்பிட்டியில் பிறந்து, பதின்ம வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, பிறகு விலகி, பிரான்சில் அகதியாகி, கையில் கிடைத்த வேலையையெல்லாம் செய்து வாழ்ந்தவர். ‘கொரில்லா’, ‘ம்’ நாவல்களை வாசித்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. படத்தில் தீபனும் ஆயுதத்தை விட்டுவிட்டு, இறந்துபோன ஒருவனின் பாஸ்போர்ட்டில், மனைவி மகள் என்று இரண்டு அந்நியர்களோடு பிரான்சுக்கு வந்து சேர்கிறவன். நடிப்பதற்கும் வாழ்ந்ததற்கும் இடையில் இடைவெளி குறைவு. இந்த ஒரு காரணத்தால்தான் படம் நிற்கிறது, 2015-இல் கான் விழாவின் தங்கப் பனை விருதும் இதனால்தான் என்று சொல்லிவிடலாம் போல இருக்கும்.

அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாது. அவருக்கு மனைவியாக நடிக்கும் யாழினி பாத்திரத்தில் காளீஸ்வரி சீனிவாசன். சென்னை மேடை நாடகக்காரர், இந்தியர். நான் பார்த்தவரை அந்தப் படத்தின் சிறந்த நடிப்பு அவருடையதுதான். தீபன் ஒருநாள், பிரெஞ்சுக்காரர்கள் சிரிக்கும்போது தனக்கு எதற்கென்றே விளங்கவில்லை என்று குழம்புகிறான். கோளாறு பிரெஞ்சு மொழியில் இல்லை, உன்னிடம்தான் என்கிற மாதிரி யாழினி அவனைச் சீண்டுகிறாள். அந்தக் காட்சியில் இரண்டு பேர் பேச்சும் ஒன்றோடொன்று இழைகிறது. யார் எந்த நாட்டுக்காரர் என்ற நினைப்பே வராது. திரைக்கதை பிரெஞ்சில் எழுதப்பட்டது, இயக்குநருக்குத் தமிழ் தெரியாது. அப்படியிருந்தும் இது கூடிவந்ததற்கு எனக்குத் தெரிகிற காரணம் ஒன்றுதான். எதிரே நிற்கும் நடிகருக்கு அந்தப் பேச்சு தாய்ப்பேச்சு, அவரே ஒரு எழுத்தாளரும்கூட. அப்படி ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது சென்னைக்காரரின் நாக்கும் வழிக்கு வந்துவிடும்.

படத்தின் கடைசிப் பகுதி எனக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் நடக்கும் அந்தச் சண்டை, போராளி என்றால் ஒருநாள் வெடித்தே தீருவான் என்ற மேற்கத்திய எதிர்பார்ப்புக்குத் தீனி போடுகிறது. நடிகர் அந்த மண்ணிலிருந்து வந்தாலும் கதையின் கடிவாளம் அவர் கையில் இல்லை.

இப்போது ‘ஃபேமிலி மேன்’ தொடரின் போராளி ராஜி, அதாவது சமந்தா. சமந்தா சென்னையில் வளர்ந்தவர், தமிழ் அவருக்குப் புதிதில்லை. ராஜி, சென்னையில் மில் வேலைக்குப் போய்க்கொண்டு, மேலாளரின் தொல்லையை வாய் மூடிச் சகித்துக்கொண்டு, உள்ளே ஒரு போராளியை அடக்கி வைத்திருக்கும் பெண். எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள், ராஜிக்கு வசனத்தை அளந்துதான் கொடுத்தார்கள். அதனால் பேச்சு வழக்கில் இருக்கும் ஓட்டை பெரிதாகத் தெரியவில்லை. பார்வையும் உடம்பும் சண்டையுமாகச் சமந்தா ஒப்பேற்றிவிட்டார், ஃபிலிம்பேர் ஓடிடி விருதும் வாங்கினார். நல்ல நடிப்பு, மறுக்கவில்லை.

கெடுத்தது ஒப்பனை. ஈழப் போராளி என்றால் கறுத்திருக்க வேண்டும் என்று யாரோ முடிவுசெய்து முகத்துக்கு நிறம் பூசினார்கள். வெயிலில் திரிந்த உடம்பைக் காட்டப் பூசுவது வேறு, ஒரு இனத்துக்கு நிறம் நிர்ணயித்துப் பூசுவது வேறு. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும். அதோடு ஈழப் போராளிகளைப் பாகிஸ்தான் உளவுத்துறை ஆளோடு கூட்டுச் சேர்க்கும் கதை. தொடர் வெளியாவதற்கு முன்பே, அதை நிறுத்தச் சொல்லித் தமிழ்நாடு அமைச்சர் மனோ தங்கராஜ் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. மற்ற போராளிகளாக வரும் மைம் கோபி, அழகம்பெருமாள் எல்லோரும் தமிழ்நாட்டவர். அவர்களில் அழகம்பெருமாள் ஏற்ற பாத்திரம் எனக்குப் பிடித்தது (அதன் பெயரும் தீபன்தான்). சாந்தமாகப் பேசிச் சமாளிக்கும் ஒரு அரசியல் ஆள் அப்படித்தான் இருப்பார் என்று நம்ப முடிந்தது. ஆனால் இத்தனை பேரில் ஒருவர்கூட “நாங்கள் இப்படிக் கதைக்க மாட்டோம்” என்று சொல்லக்கூடிய இடத்தில் இருந்து வந்தவர் இல்லை.

நான் பார்க்கிற அளவுகோல் இதுதான். நடிகர் எந்த நாட்டவராகவும் இருக்கட்டும். இது சரியில்லை என்று டேக்கை நிறுத்தக்கூடிய ஒரு ஆள் படப்பிடிப்பில் இருந்தாரா, அவர் சொன்னால் கேட்டார்களா?

‘ஃபன்னி பாய்’ இந்த இடத்தில்தான் விழுந்தது. 1983 ஜூலைக் கலவரத்தை நோக்கி நகரும் கதை. மூல நாவலை எழுதிய ஷியாம் செல்வதுரை கொழும்பில் வளர்ந்தவர், திரைக்கதையிலும் பங்கு அவருக்கு உண்டு. படப்பிடிப்பும் கொழும்பிலேயே. காகிதத்தில் எல்லாமே சரி. திரையில் அந்தத் தமிழ்க் குடும்பத்தின் அப்பா அலி காஸ்மி, ராதா அத்தையாக அகம் தர்ஷி, அம்மாச்சியாக சீமா பிஸ்வாஸ். வாயில் தமிழ் தடுக்கி விழுகிறது. முன்னோட்டம் வந்ததுமே புலம்பெயர் தமிழர்களிடமிருந்து கண்டனம் கிளம்பி, புறக்கணிக்கச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. அப்புறம் சில வசனங்களுக்கு மறுபடி டப்பிங் செய்தார்கள். கொழும்பு மேல்தட்டுக் குடும்பம் ஆங்கிலத்தில்தானே பேசும் என்று ஒரு சமாதானம் சொன்னார்கள். ஆங்கிலம் பேசட்டும், தாராளமாகப் பேசட்டும். ஆனால் தமிழர் என்பதற்காகவே வீடு எரிக்கப்படுகிற ஒரு குடும்பம், தமிழில் பேசும் அந்தக் கொஞ்ச நேரத்திலும் விருந்தாளி மாதிரி ஒலித்தால் கதையின் அடித்தளமே ஆடிவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை: கனடா இதை ஆஸ்கரின் சர்வதேசப் படப் பிரிவுக்கு அனுப்ப, ஆங்கிலம் அதிகம் என்று திருப்பிவிட்டார்கள்.

சிறுவன் அர்ஜியாக வரும் அருஷ் நந்த் மட்டும் மனதில் நிற்கிறான். பிள்ளைகளுக்கு இந்த விதியெல்லாம் பொருந்தாது போலிருக்கிறது.

இன்னொரு துணுக்கு: இங்கே தமிழ்ப் பாட்டியாக வந்த சீமா பிஸ்வாஸ்தான் ‘ஃபேமிலி மேன்’ இரண்டாவது சீசனில், போராளிகள் குறிவைக்கும் இந்தியப் பிரதமர். அசாமைச் சேர்ந்த ஒருவர் அடுத்தடுத்து இரண்டு பக்கமும் நின்றுவிட்டார்.

‘மெட்ராஸ் கஃபே’ பற்றி அதிகம் பேச எதுவும் இல்லை. ஜான் ஆபிரகாம் இந்திய உளவு அதிகாரி, பார்வை முழுக்க அவருடையது. இயக்கத்துக்கு எல்டிஎஃப் என்று ஒரு மாற்றுப் பெயர், தலைவராக அஜய் ரத்னம். அவர் தமிழர்தான், கம்பீரமாகவும் இருக்கிறார். ஆனால் நின்று முறைப்பதைத் தவிர அவருக்குப் படத்தில் என்ன வேலை? எதிர்ப்பு காரணமாகத் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் படம் வரவேயில்லை. பாத்திரத்தைப் பொம்மையாக எழுதிவிட்டால் சொந்த ஊர் நடிகரைப் போட்டாலும் பொம்மைதான்.

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ இந்தச் சிக்கலைச் சாமர்த்தியமாகத் தாண்டியது. 2002 பிப்ரவரியில் வந்த படம், அதே மாதம்தான் போர்நிறுத்த ஒப்பந்தமும் கையெழுத்தானது. கதையின் நாயகி அமுதா சென்னையில் வளர்ந்த குழந்தை, மாங்குளத்தில் இருக்கும் பெற்ற தாயைத் தேடிப் போகிறாள். நாமும் அவளோடு வெளியாட்களாகவே போகிறோம். அங்கே எதையும் முழுதாகப் புரிந்துகொண்ட பாவனை படத்துக்குக் கிடையாது. தாய் ஷ்யாமாவாக நந்திதா தாஸ். அவர் தமிழரே இல்லை, பேச்சும் யாழ்ப்பாணமும் இல்லை, வன்னியும் இல்லை. ஆனாலும் கடைசியில் மழையில் மகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்கும் அந்தப் பெண்ணை நம்பாமல் இருக்க முடியவில்லை. காட்சி மௌனத்தில் நடப்பதால் தப்பித்தது என்றும் சொல்லலாம். சிங்கள மருத்துவர் ஹரோல்ட் விக்கிரமசிங்கவாக பிரகாஷ் ராஜ், தமிழ்ப் படத்தில் சிங்களவருக்கு இவ்வளவு மரியாதையான பாத்திரம் அமைவது அபூர்வம். அவர் சிங்களவராகத் தெரிகிறாரா என்று ஒரு சிங்களவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆறில் அதிகம் பேர் பார்க்காதது ‘இனி அவன்’. என் கணக்கில் முதல் இடமும் அதற்குத்தான். சிங்கள இயக்குநர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்குப் போய், தமிழ் நடிகர்களை வைத்து, தமிழிலேயே எடுத்த படம். போர் முடிந்து ஊர் திரும்பும் ஒரு போராளி. வரவேற்பு இல்லை, எங்கள் பிள்ளைகள் செத்துப்போனார்கள், நீ மட்டும் ஏன் திரும்பி வந்தாய் என்ற முறைப்புதான் ஊரில் கிடைக்கிறது. தர்ஷன் தர்மராஜ் அந்த முறைப்பையெல்லாம் தோளில் வாங்கிக்கொண்டு நடக்கிறார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர் இல்லை, நாட்டின் இன்னொரு மூலையான இறக்குவானையில் பிறந்தவர். ஒரே நாட்டுக்குள்ளேயே அவருக்கும் அது வேற்றூர்ப் பேச்சுதான். சுற்றிலும் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் ஊரில் படமானதால் அது ஒட்டிக்கொண்டது. சிங்களப் படங்களிலும் நடித்துக்கொண்டிருந்தவர், 2022-இல் சின்ன வயதிலேயே போய்விட்டார்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால்: ‘இனி அவன்’, பிறகு ‘தீபன்’. வீட்டில் பிள்ளைகளோடு பார்க்க வேண்டுமென்றால் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’. அதில் சென்னை அம்மாவாக வந்த சிம்ரன், 2025-இல் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் ஈழத்து அம்மாவாக வருகிறார். அது போர்ப் படம் இல்லை, பொருளாதார நெருக்கடியில் கடல் தாண்டி வந்த குடும்பத்தின் கதை. இருந்தாலும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இருபது வருடத்தில் தமிழ்நாட்டு சினிமாவின் காது எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரியும். ‘ஃபன்னி பாய்’க்குப் பதில் நாவலைப் படிக்கலாம்.

‘ஃபேமிலி மேன்’ பார்ப்பதென்றால் தமிழ் டப்பிங்கில் பார்க்காதீர்கள். இந்தியும் தமிழும் கலந்து வரும் மூல ஒலியிலேயே பாருங்கள். சென்னைப் போலீஸ்காரி உமையாளாக வரும் தேவதர்ஷினிக்கும் வடக்கிலிருந்து வந்த அதிகாரிகளுக்கும் நடுவில் நடக்கும் மொழி இழுபறிதான் அந்தத் தொடரில் இருக்கிற உண்மையான சரக்கு. டப்பிங்கில் எல்லோரும் ஒரே தமிழ் பேச, அது காணாமலே போய்விடுகிறது.