டோன்களை எங்கே வைப்பது? சிந்தசைசருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே சில வழிகள்

ஆடி வந்தால் சேலத்தில் கீபோர்டு வாசிக்கிறவர்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டி ஊரின் மாரியம்மன் கோயில்கள் பலவற்றிலும் விழா நடக்கும். இன்று ஒரு பேட்டை, நாளை இன்னொரு பேட்டை என்று கச்சேரி. அப்படி ஓர் ஆடியில், அம்மாபேட்டையில் ரிகர்சலுக்காக என் ரோலண்ட் ஜேவி-1080 சிந்தசைசரை ஆன் செய்தேன். சொந்தமாகச் செய்யும் ஒலிகளைச் சேமிக்கும் யூசர் பேங்கில் நான் செய்து வைத்திருந்த டோன் ஒன்றுகூட இல்லை. உள்ளே இருந்த சிஆர்2032 பேட்டரி, எந்தக் கடையிலும் கிடைக்கிற காசு அளவு பேட்டரிதான், தீர்ந்துபோயிருந்தது. அதோடு 128 இடங்களும் போயின. அவற்றில் ஒன்று, அம்மன் பாட்டுக்கென்றே நாதஸ்வரச் சாயலில் இரண்டு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்துச் செய்தது. அதை அப்படியே திரும்பச் செய்ய இன்றுவரை முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் டோன்களைக் கம்ப்யூட்டரில் காப்பாற்றி வைக்கும் வழிகளை வரிசையாக முயன்று பார்த்தேன். என்னிடம் இருப்பவை மூன்று தலைமுறைக் கருவிகள்: 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7, 1994-இல் வந்த ஜேவி-1080, 2015-இல் வந்த ஜூனோ-டிஎஸ். மூன்றுக்கும் ஒரே வழி ஒத்துவரவில்லை.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் பக்கத்தில் எல்லாவற்றையும் 'டோன்' என்றுதான் சொல்கிறோம். ஜேவி-1080-இன் மேனுவலில் அதற்குப் பெயர் 'பேட்ச்'. ஒரு பேட்சுக்குள் அடுக்கப்படும் நான்கு ஒலிகளைத்தான் அங்கே 'டோன்' என்பார்கள். மென்பொருளில் 'டோன்' என்று பார்த்துச் சேமித்தால் நாலில் ஒரு பங்கு மட்டும் சேமித்தவர்களாக ஆவோம். இந்தக் கட்டுரையில் டோன் என்றால் நம் வழக்கப்படி முழு பேட்ச்.

பென் டிரைவா, சிஸ்எக்ஸா?

எங்கள் குழுவில் பேடு வாசிக்கும் தம்பி கேட்டான்: "பென் டிரைவ்ல போட்டு வெச்சா போதாதுங்களாண்ணா? இதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்?" ஜூனோ-டிஎஸ் மாதிரி கருவிக்கு அவன் சொன்னது சரி. பின்னால் பென் டிரைவ் செருகும் இடம் இருக்கிறது. பேக்கப் கொடுத்தால் முழுவதும் ஒரே கோப்பாக வந்துவிடும். கச்சேரிக்குப் போகும் முன் செய்ய இதைவிட எளிய வேலை இல்லை. ஆனால் அந்தக் கோப்பு ஒரு மூட்டை. அதிலிருந்து ஒரே ஒரு டோனை மட்டும் எடுத்துப் போட முடியாது. திரும்ப ஏற்றினால், நேற்று புதிதாகச் செய்தவை எல்லாம் அழிந்து பழையவை வந்து உட்காரும். ஒற்றை ஒற்றையாகக் கையாள, அதே கருவிக்கென்று ரோலண்ட் தரும் டோன் மேனேஜர் மென்பொருள்தான் வழி.

பழைய கருவிகளுக்குப் பென் டிரைவ் என்ற பேச்சே இல்லை. அங்கே சிஸ்எக்ஸ்தான். மிடி வயர் (இசைக் கருவிகளும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் வயர்) வழியே போகும் மற்றச் செய்திகள் எந்தக் கருவிக்கும் பொது; சிஸ்எக்ஸ் மட்டும் ஒரு கம்பெனியின் கருவிக்கென்று போகும் தனிக் கடிதம். எஃப்0 என்று தொடங்கி எஃப்7 என்று முடியும். தொடக்கத்தை அடுத்து வரும் எண் முகவரி: 41 என்றால் ரோலண்ட், 42 என்றால் கோர்க், 43 என்றால் யமஹா. மற்றவை அதைப் பிரிக்காமல் விட்டுவிடும்.

டிஎக்ஸ்7-இன் 32 டோன்களும் சேர்ந்து 4,104 பைட் கொண்ட ஒரே கோப்பு. மிடி வயரில் நொடிக்கு 31,250 பிட், அதாவது 3,125 பைட்தான் போகும். ஆக ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேலே முழு பேங்கும் கம்ப்யூட்டருக்கு வந்துவிடுகிறது. ஒலியை உருவாக்கும் ஆறு ஆப்பரேட்டர், அவற்றை இணைக்கும் 32 அல்காரிதம் என்று ராத்திரிகளைத் தின்ற உழைப்பு அவ்வளவு சின்னக் கோப்பில் அடங்கியிருப்பதை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இதற்கான மென்பொருள்களும் இலவசம். விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் சிஸ்எக்ஸ் லைப்ரேரியன். இரண்டும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், வந்ததை அப்படியே வாங்கி வைத்து, கேட்டால் அப்படியே திருப்பி அனுப்பும். நான் மிகவும் நம்புவது இதைத்தான். எந்த மென்பொருள் கைவிடப்பட்டாலும் அந்தக் கோப்பைப் படிக்க வேண்டியது டிஎக்ஸ்7 மட்டுமே.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, கருவியின் பக்கம். டிஎக்ஸ்7-இல் மெமரி புரொடெக்ட்டை எடுத்துவிட்டு, சிஸ்டம் தகவலை 'அவெய்ல்' என்று மாற்றாவிட்டால் அனுப்பியது உள்ளே ஏறாது. ஜேவி-1080-இல் டிவைஸ் ஐடி, அதாவது கருவியின் அடையாள எண், இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் அது 17. இரண்டாவது, வயர். பெயர் தெரியாத மலிவான யூஎஸ்பி மிடி வயர் ஒன்றை வைத்து மூன்று நாள் மல்லாடினேன். நோட்டு வாசித்தால் அருமையாகப் போகும். நீளமான சிஸ்எக்ஸ் அனுப்பினால் நடுவில் சில பைட் காணாமல் போகும். ரோலண்ட் கருவி செக்சம் (பைட் எல்லாம் சரியாக வந்ததா என்று சரிபார்க்கும் எண்) தவறு என்று உடனே சொல்லிவிடும். ஆகவே பிழை தெரிந்தது. நல்ல இன்டர்ஃபேஸ் வாங்கி, மிடி-ஆக்ஸில் துண்டுகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி கொடுத்த பிறகுதான் சரியானது. வாங்கிய கோப்பை ஒருமுறை திருப்பி ஏற்றி, வாசித்துக் காதால் கேட்ட பிறகுதான் அதை நான் பேக்கப் கணக்கில் சேர்க்கிறேன்.

தேட வேண்டும் என்றால் லைப்ரேரியன்

சிஸ்எக்ஸ் கோப்பின் குறை, அது ஊமை. 60 கோப்பு சேர்ந்த பிறகு 'அந்தப் புல்லாங்குழல் எதில் இருக்கிறது' என்று கேட்டால் பதில் சொல்லாது. இங்கேதான் டோன்களைப் பெயரோடு அடுக்கித் தேடித் தரும் லைப்ரேரியன் மென்பொருள்கள் வருகின்றன.

மிடி குவெஸ்ட் காசு கொடுத்து வாங்குவது, விலையும் நம் கைக்குக் கொஞ்சம் கனம். ஆனால் நூற்றுக்கணக்கான கருவிகளை ஒரே இடத்தில் கையாளும். ஜேவி-1080-இன் சின்னத் திரையில் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடுகிற அளவுருக்களை ஒரே சாளரத்தில் பரப்பிக் காட்டும். பேட்ச் பேஸ் பார்க்க அதைவிட அழகு, கருவிக்கு ஒன்றாக வாங்கிக்கொள்ளலாம். ஐபேடோ மேக்கோ வேண்டும் என்பதால் விண்டோஸ் லேப்டாப்காரர்களுக்கு உதவாது.

இலவசத்தில் இரண்டைச் சொல்வேன். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷான் லூக் எழுதிய எடிசின், டோனைச் செதுக்குவதற்கு. அதில் ஒரு வசதி எனக்கு மிகப் பிடிக்கும்: இருக்கும் டோனிலிருந்து சற்றே மாறுபட்ட பலவற்றை அதுவே செய்து காட்டும், பிடித்ததை நாம் தேர்ந்தெடுத்தால் அதை ஒட்டி அடுத்த சுற்று. இன்னொன்று நாப்கிராஃப்ட் ஓர்ம், சேர்த்து வைத்துத் தேடுவதற்கு. டிஎக்ஸ்7-க்கு வருஷக்கணக்காக அங்கங்கே வாங்கிச் சேர்த்த கோப்புகளை அதில் கொட்டினேன். பெயர் மட்டும் வேறாக, உள்ளே ஒரே மாதிரி இருந்தவற்றையெல்லாம் அது பிடித்துவிட்டது. பாதிக்கு மேல் இரட்டைகள்! டிஎக்ஸ்7 மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு டெக்ஸ்டு போதும்: அதுவும் இலவசம், கருவி இல்லாமலே டோனைக் கேட்கலாம், பிடித்ததைக் கருவிக்கு அனுப்பலாம்.

மிடி குவெஸ்டா இலவசங்களா என்றால், ஒரே கருவிக்காரர் காசு செலவழிக்கத் தேவையில்லை. நாலைந்து பழைய ரேக் (கட்டைகள் இல்லாத பெட்டி வடிவ சிந்தசைசர்) வைத்துத் தினமும் டோன் செய்கிறவருக்கு அது மிச்சப்படுத்தும் நேரம் பெரியது. நான் வாங்கவில்லை.

ரெக்கார்டிங் மென்பொருளுக்குள்ளேயே வைத்தால்?

இதிலும் இரண்டு முறை உண்டு. ஒன்று, டோன் கருவியிலேயே இருக்கும். மென்பொருள் பெயர் சொல்லி அழைக்கும். ரீப்பர் மென்பொருளில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு எழுதினால் போதும். பேங்க் எண்கள் இரண்டு, அதன்கீழ் டோன் எண்ணும் பெயரும். ஜேவி-1080-இன் யூசர் பேங்குக்கு 80, 0. ப்ரீசெட் ஏ-க்கு 81, 0. பி-க்கு 81, 1. கருவியின் திரையில் 001 என்று இருப்பது கோப்பில் 0. இந்த ஒன்று மாறினால் எல்லா டோனும் ஓர் இடம் தள்ளி வரும். புல்லாங்குழல் கேட்டால் பக்கத்து வயலின் வந்து நிற்கும்.

ஆனால் அந்த இடத்தில் நாளை வேறு டோனைப் போட்டுவிட்டால் பழைய பாட்டு கெட்டுவிடும். அதற்குத்தான் இரண்டாவது முறை: டோனையே சிஸ்எக்ஸாகப் பாட்டின் டிராக்கில், முதல் நோட்டுக்கு இரண்டு பார் முன்னால் பதிந்துவிடுவது. டிஎக்ஸ்7-இன் ஒற்றை டோன் 163 பைட். நொடியில் இருபதில் ஒரு பங்கில் போய்விடும். அது தற்காலிக நினைவில்தான் உட்காரும் என்பதால் சேமித்த 32-இல் எதுவும் அழியாது. பத்து வருஷம் கழித்துத் திறந்தாலும் பாட்டு தன் டோனைத் தானே கொண்டுவரும். வீட்டில் பதிவு செய்கிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுவே. கியூபேஸில் சிஸ்எக்ஸ் வடிகட்டி முதலிலிருந்தே போட்டிருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். ஏபிள்டன் லைவ் தன் மிடி டிராக்கில் சிஸ்எக்ஸைப் பதியாது. அங்கே இந்த முறை நடக்காது.

மேடையில்

வீட்டில் இவ்வளவு நன்றாக நடக்கிறதே என்று ஒரு மே மாதம் லேப்டாப்பையும் ஏற்காட்டுக்குத் தூக்கிப்போனேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, மாலைப் பனியில் மேடை கட்டி, நாலாவது பாட்டில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறியது. லேப்டாப் அணையவில்லை, ஆனால் யூஎஸ்பி ஹப் ஒரு கணம் அணைந்து எழுந்ததில் மென்பொருள் மிடி போர்ட்டைத் தொலைத்துவிட்டது. டோன் மாற்றும் கட்டளை எதுவும் போகவில்லை. பாடகர் பல்லவியைத் தொடங்க, என் கையில் முந்தைய பாட்டின் பிராஸ். அந்த இரண்டு நிமிஷத்தை நான் மறக்கவே மாட்டேன்.

இப்போது மேடைக்கு லேப்டாப் போவதில்லை. கச்சேரிக்கு முந்தின நாள் பாட்டு லிஸ்ட் வந்ததும் வீட்டில் லைப்ரேரியனில் டோன்களைப் பாட்டு வரிசைக்கே அடுக்கி, ஜேவி-1080-க்கு அனுப்பிவிடுகிறேன். முதல் பாட்டு 001, இரண்டாவது 002. மேடையில் ஒரு பட்டனை மட்டும் அமுக்கினால் போதும். லிஸ்ட் மாறினால் கையோடு வைத்திருக்கும் காகிதத்தில் எண் பார்த்துக்கொள்வேன். ஜூனோவுக்குப் பென் டிரைவ், சட்டைப் பையில்.

ஜேவி-1080-இன் பேட்டரியையும் மாற்றிவிட்டேன், மாற்றிய தேதியைக் கருவியின் அடியில் ஒட்டியிருக்கிறேன். நாதஸ்வர டோனை மறுபடி செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை 14 முயற்சிகள். ஒவ்வொன்றும் தேதியோடு தனித்தனிக் கோப்பாக, லேப்டாப்பிலும் தம்பி வீட்டு ஹார்டு டிஸ்கிலும் இருக்கிறது. பதினோராவது கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறது.