காட்பாடி ரயிலில் காகிதமா, கிண்டிலா, போனா?

காட்பாடியில் ஏறி சென்னை சென்ட்ரலில் இறங்க ஏறக்குறைய 130 கிலோமீட்டர். இடம் கிடைத்தால் இரண்டு மணி நேரம் நிம்மதியாகப் படிக்கலாம். கிடைக்காவிட்டால் ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் புத்தகம். இந்த ரயிலில் காகிதப் புத்தகம், அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில், போன் மூன்றையும் வைத்துப் படித்துப் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

நின்றுகொண்டு படிக்க கிண்டிலுக்கு ஈடில்லை. 600 பக்க நாவலும் அதே எடைதான், கட்டைவிரலால் பக்கம் தள்ளலாம். பக்கம் மாறும்போதுதான் அதன் திரைக்கு மின்சாரம் வேண்டும் என்பதால் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். எங்கள் வேலூர் வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போன் திரையில் என் முகம்தான் தெரிகிறது. கிண்டிலில் எழுத்து இன்னும் பளிச்சென்று ஆகிறது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி ஒன்றே போதும்.

போனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாலு பக்கம் தாண்டுவதற்குள் வாட்ஸ்அப் கூப்பிட்டுவிடும்.

விலையிலும் ஒரு வேடிக்கை உண்டு. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. மின்னூலுக்கு 18 சதவீதம் இருந்தது; அச்சிலும் வெளிவந்த நூலென்றால் 5 சதவீதம் என்று 2018-இல் குறைத்தார்கள்.

அப்புறம், மின்னூலில் நாம் காசு கொடுப்பது படிக்கும் உரிமத்துக்குத்தான். 2009-இல், உரிமை இல்லாதவர்கள் ஏற்றிய பதிப்பு என்று சொல்லி, ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. பணம் திரும்பி வந்தது, சரி. ஆனால் ராத்திரியில் வீடு புகுந்து அலமாரியிலிருந்து எடுத்துப்போக எந்தப் பதிப்பகத்தாலும் முடியாதே.

என் அலமாரியில் மு.வ. உரையோடு ஒரு திருக்குறள் கையடக்கப் பதிப்பு இருக்கிறது. மு.வ. வாலாஜாபேட்டை பக்கத்து வேலம் கிராமத்துக்காரர் என்பதில் அப்பாவுக்குத் தனிப் பெருமை. ‘கூடாநட்பு’ அதிகாரத்தின் ஓரத்தில் அப்பா பென்சிலால் ஒரு பெயர் எழுதி, பிறகு அதை அவரே அடித்திருக்கிறார். என்ன நடந்தது என்று கேட்க இப்போது அவர் இல்லை. இதை எந்தக் கருவியும் எனக்குத் தந்திருக்காது.

அதற்காகக் காகிதம் சாகாவரம் வாங்கி வந்ததா என்ன? அதே அலமாரியில் இன்னொரு புத்தகத்தை ராமபாணப் பூச்சி துளைத்து, முன் அட்டையிலிருந்து பின் அட்டைவரை ஆணி இறங்கினமாதிரி ஒரே ஓட்டை.

பழைய நூல் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு டிஜிட்டல் பக்கம். வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகி, அதில் மிஞ்சிய வேலூரும் 2019-இல் மூன்றாகிவிட்டது. ஆனால் ஆர்தர் காக்ஸ் 1881-இல் தொகுத்த வட ஆற்காடு மேனுவலை, அதாவது மாவட்ட விவரத் தொகுப்பை, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பழைய புத்தகக் கடைகளில் நான் தேடி அலுத்த நூல் அது. ஒரு குறை: ஸ்கேன் செய்த பக்கம் ஆறு அங்குலத் திரையில் கடுகு கடுகாகத் தெரியும். கம்ப்யூட்டர்தான் வேண்டும்.

டிஜிட்டலுக்கும் ஒரு ராமபாணம் உண்டு, தமிழ்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்: எழுத்துரு. 2003-இல் தெருக் கோயில் கும்பாபிஷேக மலருக்கு நானே விடியவிடியத் தட்டச்சு செய்தேன். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு பரவலாக வருவதற்கு முன்னால், தமிழ் எழுத்தைக் கணினியில் பதிக்க ஆளுக்கொரு குறியேற்ற முறை. திஸ்கி ஒருவருக்கு, பாமினி இன்னொருவருக்கு. இன்று அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியும் கலந்த கூழ். மட்டமான தாளில் அச்சடித்த அந்த மலரோ, மஞ்சளாகிப் போனாலும், நன்கொடையாளர் பட்டியல் முதற்கொண்டு படிக்க முடிகிறது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய நூல்கள் தப்பியதற்குக் காரணம், யாரோ பொறுமையாக உட்கார்ந்து அவற்றை யூனிகோடுக்கு மாற்றியதுதான். என் மலருக்கு அப்படி யாரும் வரவில்லை.

செய்தித்தாள் கதை வேறு. டீக்கடையில் ஒரே தாளைத் தாள்தாளாகப் பிரித்து ஆறு பேர் படிக்கிறோம், சாயங்காலம் அதிலேயே பஜ்ஜி எண்ணெய் ஒற்றுகிறோம். அந்த விலைக்கு அவ்வளவு உழைப்பை எந்த ஆப்பும் தராது. ஆனாலும் கூட்டத்தில் இளவட்டங்களைக் காணோம், விளையாட்டுப் பக்கம் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

இப்போதெல்லாம் ரயில் பையில் கிண்டில். இரண்டு பேருக்காவது இரவல் கொடுப்பேன் என்று தோன்றினால் மட்டும் அச்சில் வாங்குகிறேன். போன வருஷம் கொடுத்ததில் மூன்று இன்னும் திரும்பவில்லை.