மூன்று அங்குல பிளாக் ஹீல்ஸ்: மேடையில் நிற்பவளின் மதிப்பீடு

ஹீல்ஸ் வாங்கிவிட்டுத் தடுமாறுகிறவர்களிடம் எல்லோரும் சொல்வது, "பழகப் பழகச் சரியாகிவிடும்." அதில் பாதிதான் உண்மை. செருப்பின் அமைப்பு சரியில்லை என்றால் எவ்வளவு பழகினாலும் கால்தான் கெடும். நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்குவது என் தொழில். மணிக்கணக்கில் நிற்க வேண்டும், நடுநடுவே மேடைப் படிகளில் ஏறி இறங்க வேண்டும். இந்த ஜோடியை நான் எடைபோடுவது அந்த வேலையை வைத்துத்தான்.

பின்னால் கட்டைபோல் தடித்த மூன்று அங்குல ஹீல் (அதுதான் பிளாக் ஹீல்), முன்பாதத்துக்கு அடியில் அரை அங்குல பிளாட்பார்ம், அதாவது தடித்த அடிப்பகுதி, கணுக்காலில் ஒரு பட்டை, மூடிய முன்பக்கம். பிளாட்பார்ம் இருப்பதால் பாதம் உண்மையில் சாய்வது இரண்டரை அங்குலத்துக்குத்தான். சாய்வு கூடக் கூட உடல் எடை முன்பாதத்தில் போய் இறங்கும் என்பதால், புதிதாகப் பழகுகிறவருக்கு இந்த அரை அங்குலம் பெரிய விஷயம்.

கடையிலேயே செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. செருப்பைச் சமதளத்தில் வைத்து, மேல்விளிம்பை விரலால் லேசாகத் தள்ளுங்கள். ஆடினால் வேண்டாம். இது ஆடவில்லை. ஹீல் குதிகாலின் நட்டநடுவே வருகிறது, பின்னால் தள்ளிப் போகவில்லை. அப்புறம், இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். விரல்களுக்குச் சற்றுப் பின்னால் வளையலாம், பாதத்தின் வளைவுப் பகுதி வளையக் கூடாது. உள்ளே ஒரு விறைப்பான தகடு வைத்திருப்பார்கள், அதுதான் பாதத்தைத் தாங்குகிறது. இதில் அது உறுதியாக இருக்கிறது.

பட்டையைத்தான் மிகவும் பாராட்டுவேன். பம்ப்ஸ் என்கிற, பட்டை இல்லாமல் காலை நுழைத்துப் போடும் வகையில் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டே நடப்போம். முழங்கால் மடங்கி, நடை கெட்டுப்போவது அதனால்தான். இதில் விரல்களுக்கு அந்த வேலை இல்லை. குதிகால் முதலில், முன்பாதம் அடுத்து, அடி கொஞ்சம் சின்னதாக, பார்வை தரையில் இல்லாமல் நேராக: சொல்லிக்கொடுப்பவர்கள் சொல்லும் இதெல்லாம் இந்தச் செருப்பில் தானாகவே வந்துவிடுகிறது. படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியை விடாதீர்கள். பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் ஹீல் முழுவதும் படியில் உட்காரும்.

குறைகளும் இருக்கின்றன. முன்பக்கம் குறுகல். சுண்டுவிரல் பக்கம் முதலில் நன்றாகவே கடித்தது. உள்மெத்தையும் மெல்லியது. அதற்கு ஜெல் பேட் வாங்குகிறவர்கள் முன்பாதத்துக்கு நேர் அடியில் ஒட்டுகிறார்கள். எலும்பு முட்டும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் ஒட்டினால்தான் அழுத்தம் பரவும். தடிமனான பேட் என்றால் உள்ளே இடம் போய்விடும், கடி இன்னும் அதிகமாகும். ஏற்கெனவே குறுகலான செருப்பு இது, மெல்லிய பேட்தான் பொருந்தும்.

அடிப்பகுதி புதிதில் வழுக்குகிறது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பிறகு டைல்ஸ் தரையில்கூடப் பயமில்லை. தயாரிப்பாளரே செய்திருக்கலாம்! பக்கிள் துளைகளுக்கு இடையே இடைவெளி அதிகம் என்பதால் ஒன்றில் இறுக்கம், அடுத்ததில் தொளதொளப்பு. செருப்பு தைப்பவரிடம் கொடுத்து நடுவில் ஒரு துளை போட்டுக்கொண்டேன். ஹீலின் அடியில் இருக்கும் ரப்பர் துண்டு தேய்ந்தால் அதையும் அவரே மாற்றித் தருவார். டக் டக் என்று கடினமான சத்தம் வந்தால் மாற்றும் நேரம் என்று அர்த்தம்.

இதைத் தினமும் போட மாட்டேன். எவ்வளவு வசதியான ஹீல்ஸ் என்றாலும், எப்போதும் அதிலேயே இருந்தால் கெண்டைக்கால் தசை சுருங்கிப் பழகிவிடும், அப்புறம் தட்டைச் செருப்பில் நடப்பதே வலிக்கும். நிகழ்ச்சி இல்லாத நாட்களில் தட்டைச் செருப்புதான். கழற்றியதும் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்துக் குதிகாலைத் தரையில் அழுத்தி நீட்டிக்கொள்கிறேன்.

அளவு பார்க்க மாலையில் போங்கள், பகல் முழுவதும் நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும். கடிக்கிறதே என்று ஓர் அளவு பெரிதாக எடுத்தால், சறுக்குமரத்தில் வைத்ததுபோல் பாதம் முன்னால் வழுக்கி விரல்கள் நசுங்கும். அகலமான பாதம் உள்ளவர்களுக்கு இந்த ஜோடி வேண்டாம். இதே உயரத்தில், இதே பட்டையோடு, முன்பக்கம் வட்டமாக இருப்பதைத் தேடுங்கள். மற்றவர்கள் முதல் ஹீல்ஸாகவே இதை வாங்கலாம்.