வெட்டுகோட்டின் படித்திறனும் ஜியோஜீப்ராவும்: ஆறு ஆண்டுப் பயன்பாடு

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் உயர்தர இணைந்த கணித வகுப்பு நடத்தும் நான், இருபடிச் சார்பொன்றின் வெட்டுகோட்டுப் படித்திறனை, அதாவது வரைபின் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சரிவைக் காட்டுவதற்கு, ஆறு ஆண்டுகளாக வரைபுகளை வரையும் ஜியோஜீப்ரா செயலியைப் பயன்படுத்தி வருகிறேன். மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் உருவாக்கத் தொடங்கிய இச்செயலியைக் கற்பித்தலுக்கு இலவசமாகப் பெறலாம். கணினியில் நிறுவிய பின் இணையம் தேவையில்லை என்பதால், 2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் 13 மணித்தியாலம் வரை நீண்டபோதும், மடிகணினியின் பற்றரி உள்ளவரை எங்கள் வகுப்பு நடந்தது.

வர்க்கச் சார்பின் (y = x²) வரைபில் கிடை ஆள்கூறு 2 ஆகவுள்ள புள்ளியை நிலையாக வைத்து, மற்றைய புள்ளியை ஸ்லைடரால் நகர்த்துவதே வழக்கம். இடையிலுள்ள கிடைத் தூரம் 1 எனில் படித்திறன் 5, தூரம் 0.5 எனில் 4.5, 0.1 எனில் 4.1 என எண் இறங்கிவரும். தூரம் 0 ஆனவுடன் இரு புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழ, கோடு மறைந்து, படித்திறன் இருந்த இடத்தில் கேள்விக்குறி வந்து நிற்கும். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க இயலாது என்று கரும்பலகையில் பலமுறை சொன்னபோது பதியாதது, அந்தக் கேள்விக்குறியைக் கண்டதும் பதிந்துவிடுகிறது. தூரம் பூச்சியத்தை நெருங்க நெருங்கப் படித்திறன் எந்த எண்ணை நெருங்குகிறது என்று பார்க்கும் ‘எல்லை’ என்ற எண்ணக்கரு ஏன் வேண்டியிருக்கிறது என்பதை மாணவர்களே கேட்கத் தொடங்குகிறார்கள்.

குறையொன்றும் உண்டு. செயலி தொடக்க அமைப்பில் இரண்டு தசமதானங்களையே காட்டுவதால், தூரம் 0.001 ஆகும்போது 4.001 என வரவேண்டிய படித்திறன் 4 என்றே தெரியும். வெட்டுகோடு, வளையியை ஒரு புள்ளியில் தொட்டுச் செல்லும் தொடலியாகவே மாறிவிட்டதென ஒரு மாணவி கொப்பியில் எழுதியிருந்ததைக் கண்ட பின்னர்தான், அமைப்புக்குள் சென்று தசமதானங்களை ஐந்தாக்கினேன். இதனை முதல் நாளிலேயே செய்துகொள்வது நல்லது. இரு அச்சுகளின் அளவிடையும் சமமாக உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இச்செயலி எனக்குத் தந்த பெரும் பேறு வேறொன்று. மூன்றாம் ஆண்டளவில், இரு புள்ளிகளையும் நகர்த்தவிட்டுப் பார்த்தோம். 1, 3 ஆகிய ஆள்கூறுகளுக்குப் படித்திறன் 4. 0, 4 ஆகியவற்றுக்கும் 4. −1, 5 ஆகியவற்றுக்கும் 4. இரு ஆள்கூறுகளின் கூட்டுத்தொகை மாறாதவரை வெட்டுகோடுகள் யாவும், நடுவிலுள்ள 2 என்னும் ஆள்கூற்றில் வரையும் தொடலிக்குச் சமாந்தரமாகவே நின்றன. காரணம் எளியது: இரு வர்க்கங்களின் வித்தியாசத்தைக் காரணிப்படுத்தினால், பகுதியிலுள்ள வித்தியாசம் வெட்டுப்பட்டுக் கூட்டுத்தொகை மட்டுமே எஞ்சும். எந்த இருபடிச் சார்புக்கும், வர்க்க உறுப்பின் குணகத்தை அக்கூட்டுத்தொகையால் பெருக்கி, ஒருபடி உறுப்பின் குணகத்தைக் கூட்டினால் படித்திறன் கிடைத்துவிடும். கனச் சார்பில் இது பொய்த்துவிடுகிறது. y = x³ இல் 1, 3 எனும்போது படித்திறன் 13; 0, 4 எனும்போது 16.

இருபடிச் சார்பின் இப்பண்புக்கு நான் தரும் உதாரணம் தென்னையிலிருந்து விழும் தேங்காய். காற்றுத்தடையைப் புறக்கணித்தால் அது 1 செக்கனில் 4.9 மீற்றரும் 2 செக்கன்களில் 19.6 மீற்றரும் விழுந்திருக்கும். இடைப்பட்ட செக்கனின் சராசரிக் கதியான செக்கனுக்கு 14.7 மீற்றரே 1.5ஆவது செக்கனில் அதன் கதியும் ஆகும்.

கைப்பேசியின் சிறு திரையில் விரலே புள்ளியை மறைத்துவிடுவதால், பெரிய திரையையே பரிந்துரைப்பேன். இப்போதெல்லாம், முதல் மூன்று வெட்டுகோடுகளை வரைபுத் தாளில் கையால் வரைந்து, படித்திறனையும் கணித்த பின்னரே மடிகணினியைத் திறக்கிறோம்.