ஊரில் இருந்துகொண்டு சிகரெட்டை விடுவது: திருநெல்வேலியில் கிடைத்த உதவிகள்

சிகரெட்டை விட்ட புதிதில் ஊருக்குப் போகலாமா, கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்று லண்டனில் நம்மாட்கள் சிலர் கேட்கிறார்கள். நான் விட்டுச் சில வாரங்கள் ஆன கையோடு திருநெல்வேலிக்குப் போய் வந்தேன். அங்கே எது உதவியது, எது வெறும் போர்டோடு நின்றது என்று எழுதி வைத்தால் அடுத்துப் போகிறவர்களுக்குப் பயன்படும்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெரு முக்கு மருந்துக்கடையிலேயே பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். சார்பில் புகையை நிறுத்த உதவி கிடைக்கிறது. 12 வாரத் திட்டம். போகும்போதெல்லாம் மூச்சை 15 விநாடி அடக்கி ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று கருவி காட்டும். 10 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் தேறியாச்சு. அங்கே பொய் சொல்லிச் சமாளிக்க முடியாது. ஊருக்குப் போகிறேன் என்றதும் மருந்துக்கடை அம்மா தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பேட்ச்சைத் தேவையான அளவு மொத்தமாகக் கொடுத்துவிட்டு, "அங்கே யாரிடம் பேசுவீர்கள்?" என்று கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

கிளம்பும் முன் ஒரு விஷயம். இங்கே பலர் சிகரெட்டை விடுவதற்காக வேப் என்ற மின்சிகரெட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போகாதீர்கள். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்சிகரெட்டுக்கு முழுத் தடை. தயாரிப்பு, விற்பனை மட்டுமல்ல, இறக்குமதியும் குற்றம். நிகோடின் பேட்ச், நிகோடின் சூயிங்கம் பிரச்சினை இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்துச் சீட்டையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று எங்கே போனாலும் பீடி சுற்றும் ஊர்தான். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, நறுக்கிய இலையில் தூளைப் போட்டு, உருட்டி, நூலால் கட்டிப் போடும் பெண்களைப் பார்த்துக்கொண்டேதான் தெருவில் நடக்க வேண்டும். எங்கள் வீட்டில் மதினியும் சுற்றுகிறாள். முன் அறைக்குள் நுழைந்தாலே புகையிலைத் தூள் நெடி. விட்ட புதிதில் மூக்குக்கு வாசனை கூடுதலாகத் தெரிய ஆரம்பிக்கும் என்பார்கள். அது உண்மைதான் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது.

அடுத்தது டீக்கடை. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்பது 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறை. லைட்டர், தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் எதையும் கடைக்காரர் வைக்கக் கூடாது என்றும் அதே விதியில் இருக்கிறது. எங்கள் முக்குக் கடையில் 'புகைபிடிக்கக் கூடாத பகுதி' என்ற தகரப் போர்டு ஆணியில் தொங்குகிறது. அதே ஆணியில் கயிறு கட்டி லைட்டரும் தொங்குகிறது. கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். "போர்டு அதிகாரிக்கு, லைட்டர் ஆளுகளுக்கு தம்பி" என்றார்.

இதில் இன்னொரு கூத்து. விட நினைப்பவர்கள் கூப்பிட வேண்டிய இலவச எண் 1800-11-2356. 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட், பீடி, புகையிலைப் பாக்கெட் எல்லாவற்றிலும் இந்த எண் அச்சாக வேண்டும். சரி, நல்ல ஏற்பாடுதான். ஆனால் டீக்கடையில் யார் பாக்கெட் வாங்குகிறார்கள்? ஒன்று, இரண்டு என்று சில்லறையாகத்தான் வாங்குகிறார்கள். பாக்கெட் அண்ணாச்சியின் கல்லாப் பக்கம் திறந்து கிடக்கும். எண் அவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கோ புகைப் பழக்கமே இல்லை! பேருந்து நிலையத்திலும் ரேஷன் கடையிலும் அந்த எண்ணைப் பெரிதாக எழுதிப் போட என்ன செலவாகிவிடப் போகிறது என்று எனக்குப் புரியவில்லை.

அந்த எண்ணை நான் கூப்பிட்டது எனக்காகக்கூட இல்லை, சித்தப்பாவுக்காக. நான் விட்டுவிட்டேன் என்று கேள்விப்பட்டதும், "நீ லண்டன்ல மெஷின்ல ஊதி விட்டுட்ட, எனக்கு எவன் மெஷின் தருவான்?" என்று வம்புக்கு இழுத்தார். வயது அறுபதைத் தாண்டியவர், பீடிக்காரர். லண்டன் சிம்மிலிருந்து 1800 எண் போகவில்லை, அவர் போனிலிருந்தே போட்டோம். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், தமிழுக்கான எண்ணை அழுத்திவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். இந்தச் சேவை 2016இல் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கியது. 2018இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை போன்ற இடங்களும் சேர்ந்த பிறகுதான் தமிழில் பேச வழி வந்தது.

எடுத்த பெண்ணுக்குக் குரல் சின்னது, கேள்விகள் பெரியவை. திண்ணையில் ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

"காலையில எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் பீடி பிடிப்பீங்க ஐயா?"

"பல்லு விளக்குறதுக்கு முந்தி."

இது சும்மா பேச்சுக்குக் கேட்கிற கேள்வி இல்லை. எழுந்த 5 நிமிடத்துக்குள் பிடிக்கிறவருக்கு நிகோடின் பிடிமானம் அதிகம் என்று கணக்கு. லண்டனிலும் என்னிடம் இதைத்தான் கேட்டார்கள். எந்த நேரத்தில் அதிகம் தோன்றுகிறது, முன்பு எப்போதாவது விட்டிருக்கிறீர்களா, இருமல் உண்டா, சர்க்கரை உண்டா என்று நிதானமாகக் கேட்டுவிட்டு, விடுவதற்கு ஒரு தேதியை அவரையே சொல்லச் சொன்னார். சித்தப்பா அமாவாசையைச் சொன்னார். அடுத்த கேள்விதான் எனக்குப் பிடித்தது.

"வீட்டுல உங்களுக்குத் துணையா யாரு இருப்பாங்க?"

"இந்தா, அண்ணன் மகன் இருக்கான், லண்டன்ல இருந்து வந்திருக்கான்."

"ஊருக்குத் திரும்பிப் போறவங்க வேண்டாம் ஐயா. கூடவே இருக்கிறவங்க பேரைச் சொல்லுங்க."

சித்தி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கிக்கொண்டாள். அன்றோடு சித்தப்பாவின் சுதந்திரம் முடிந்தது. திட்டக் கூடாது, ஒரு நாள் தவறினாலும் குத்திக் காட்டக் கூடாது, எரிச்சலாக இருப்பார், இரண்டு மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண் சித்திக்குத் தனியாக வகுப்பெடுத்தார். பீடி ஆசை சில நிமிடத்தில் தானாக அடங்கும், அதுவரை தண்ணீர் குடிக்கணும், மூச்சை இழுத்து விடணும், இடத்தை விட்டு எழுந்து போகணும் என்று சொன்னதைச் சித்தி காலண்டர் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டாள். குறித்த தேதியன்று அவர்களே கூப்பிட்டார்கள், அப்புறமும் கூப்பிட்டு விசாரித்தார்கள். நம் நாட்டில் அரசு எண் ஒன்று திரும்பக் கூப்பிடுகிறது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், சித்தப்பாவே முதலில் லோன்காரன் என்று நினைத்துக் கட் பண்ணிவிட்டார்.

காலை 8 முதல் இரவு 8 வரை எடுக்கிறார்கள், திங்கட்கிழமை விடுமுறை. முதல் தடவை லைன் கிடைக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள்.

அரசு மருத்துவமனைக்கும் போனோம். பெயர் வேண்டாம். தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஆலோசனை மையம் இருக்க வேண்டும் என்று தெரியும் என்பதால் தைரியமாக ஓ.பி. சீட்டு போட்டோம். சீட்டு கொடுத்தவருக்கு அப்படி ஓர் அறை இருப்பதே தெரியவில்லை. பல் பிரிவுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு. கடைசியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே போர்டைக் கண்டுபிடித்தோம், கதவில் பூட்டு. ஆலோசகர் வார்டுக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாங்க என்றார் பக்கத்து அறை நர்ஸ். சித்தப்பாவுக்கு வாசலிலேயே பீடி ஞாபகம் வந்துவிட்டது.

மறுநாள் ஆலோசகர் இருந்தார். இளைஞர், அவசரப்படாமல் பேசினார். ஊதுகிற கருவி இருந்தது, அதற்கு மாட்டுகிற குழாய் ஸ்டாக் இல்லை. ஆனால் லண்டனில் எனக்குச் செய்யாத ஒன்றை இவர் செய்தார். சித்தப்பாவை வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், அடிநாக்கு எல்லாம் பார்த்தார். வெள்ளைத் திட்டு, ஆறாத புண் இருக்கிறதா என்ற சோதனை. ஒன்றும் இல்லை. எதற்கும் பைசா வாங்கவில்லை. சூயிங்கம் மட்டும் வெளியே வாங்கிக்கொள்ளச் சொன்னார். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 2002இல் நாட்டில் முதலில் தொடங்கிய 13 புகையிலை நிறுத்த மையங்களில் அதுவும் ஒன்று.

நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மெடிக்கலில் சீட்டு இல்லாமலே தருவார்கள். 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். நான் கேட்ட மெடிக்கல்களில் பேட்ச் இல்லை, அதனால் இங்கிருந்தே எடுத்துப் போங்கள். சூயிங்கத்தை எப்படி மெல்ல வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. சாதாரண பபுள்கம் மாதிரி மென்றால் விக்கல்தான் மிச்சம். நாலு மெல்லு மென்று, சுள்ளென்று உறைத்ததும் கன்னத்தோரம் ஒதுக்கி வைக்கணும். உறைப்பு அடங்கியதும் திரும்ப மெல்லணும். காபி குடித்த வாயோடு போட்டால் சரியாக ஏறாது, கால் மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

என்னைச் சோதித்த நாள் ஒன்றே ஒன்று. தூரத்துச் சொந்தத்தில் ஒரு துட்டி, அதாவது சாவு. துட்டி வீட்டு வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் ஒரு தாம்பாளம் சுற்றி வரும். வெற்றிலை, பாக்கு, பிரித்துக் கொட்டிய பீடி, ஓரமாகச் சில சிகரெட், ஒரு தீப்பெட்டி. காசு கொடுக்க வேண்டாம், யாரும் ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள், எடுக்காவிட்டால்தான் கேட்பார்கள். தாம்பாளம் என் முன்னால் வந்தபோது பக்கத்தில் இருந்த மச்சான், என்னைக் கேட்காமலே, அதைத் தன் கையால் வாங்கி அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டான். "அவன் விட்டுட்டான்லா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, இறந்தவரின் பேச்சைத் தொடர்ந்தான். அந்த வேலையை எந்த மாத்திரையும் செய்திருக்காது. ஊரில் இறங்கியதும் எல்லோரிடமும் உடைத்துச் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்தால் மரியாதைக்காவது நீட்டுவார்கள்.

மதினியிடம் மட்டும் என்னால் பெரிதாகப் பேச முடியவில்லை. "எல்லாரும் இப்படி விட்டுட்டா எங்க பி.எஃப்புக்கு யாரு காசு கட்டுவா கொழுந்தனாரே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். சிரிப்புக்குச் சொன்னதில்லை அது. 1000 பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளுக்கு நான் சொல்ல வேறு வேலை எதுவும் என்னிடம் இல்லை. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு மருத்துவமனை இருக்கிறது. பீடி சுற்றி இருமல் வந்தால் அங்கே போகலாம்.

சித்தப்பா நிலவரம்: அமாவாசையன்று விட்டார், ஒரு கல்யாணத்தில் இரண்டு பிடித்தார், சித்தி குத்திக் காட்டவில்லை, திரும்ப விட்டிருக்கிறார். இப்போது பெங்களூரிலிருந்து போன் வந்தால் சித்திதான் எடுக்கிறாள். "அவருகிட்ட குடுங்கம்மா" என்று கேட்ட பிறகுதான் போன் கை மாறுகிறதாம்.